ஹம்தாவின் நெற்றிப்பட்டை

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ரொட்டி சாம்பலுக்குள் வேகும் நேரம்கூடப் பொறுக்க மாட்டேன். குச்சியால் இரண்டு தடவை கிளறிப் பார்த்து, அரைவேக்காட்டை எடுத்துத் தட்டிவைத்து, புருஷனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அந்த வருஷத்து மாரிக்காலத்தில் இந்தக் குணம் எனக்கு முற்றிப்போயிருந்தது. காரணம் ஹம்தா.

ஹம்தா என் ஓரகத்தி. என் புருஷன் சுவேலிமின் அண்ணன் ஃபரஹானைக் கட்டியவள். ஃபரஹான் அல்-அரீஷ் ஊருக்குப் போகும் பாலைவனப் பாதையில் ஒட்டகத்திலிருந்து விழுந்து, விலா நொறுங்கி, மூன்றாம் நாள் போய்விட்டான். ஹம்தாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. நூஃபா என்று ஒரே மகள், அதற்கு ஐந்து வயது, என் மகளோடும் மகனோடும் விளையாடும். அவள் கூடாரமும் எங்கள் கூடாரமும் பக்கத்துப் பக்கத்தில். அவள் கூடாரக் கயிறும் எங்கள் கூடாரக் கயிறும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் புருஷனைத் திட்டினால் அவளுக்குக் கேட்கும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பெண்ணின் நிலைமையை வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை, அவள் நெற்றியைப் பார்த்தால் போதும். கல்யாணமான அன்று முகத்திரை கட்டினால் பிறகு சாகும்வரை அதுதான். தலைத்துணிக்குக் கீழே நெற்றிப்பட்டை, பட்டையில் நூல் வேலை, அதிலிருந்து மூக்குக்கும் கன்னத்துக்கும் தொங்கும் வெள்ளிக்காசுகள். புருஷன் இருப்பவளுக்கு நூல் சிவப்பு, இல்லாதவளுக்கு நீலம். விதவை மறுபடி வாழ மனம் வைத்தால் நீலத்துக்கு நடுவே கொஞ்சம் சிவப்புச் சேர்ப்பாள். அதை யாரிடமும் சொல்ல மாட்டாள். பார்த்தவர்களும் அவள் காதுபடப் பேச மாட்டார்கள், பேசினால் மானக்கேடு. ஆசைப்பட்டவன் தன் ஆட்களை அனுப்பிக் கேட்க வேண்டியதுதான்.

ஹம்தா ஒரு வருஷமாக நீலத்திலேயே இருந்தாள். ஆனால் அவளைத் தவிர மற்ற எல்லோரும் அவள் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அண்ணன் போனால் அவன் மனைவியைத் தம்பி எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். "சுவேலிம் இன்னும் என்னத்துக்குக் காத்திருக்கான்?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். நான் சிரித்துவைப்பேன்.

சுவேலிம் அவள் கூடாரத்துக் கயிற்றை இறுக்கப் போவான். ஒரு கயிற்றை இறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் இங்கே நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். சந்தைக்குப் போனால் சர்க்கரைக் கட்டி இரண்டு வாங்கி வருவான், ஒன்று எங்களுக்கு, ஒன்று அவளுக்கு. இரண்டில் எது பெரிது என்று நான் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

இவ்வளவுக்கும் எனக்கு ஹம்தாவைப் பிடிக்கும். புதுப்பெண்ணாக நான் வந்த மாதம், மோர் ஆட்டும் தோல்பையை வெயிலில் போட்டுவிட்டு ஆடு பார்க்கப் போய்விட்டேன். பை வெடித்துப் பாலெல்லாம் மண்ணில். மாமனார் கேட்டபோது, "நாய் கடிச்சிருச்சு மாமா, நான் பார்த்தேன்" என்று கண்ணிமைக்காமல் சொன்னவள் ஹம்தா. அந்த நாய்க்கு விழுந்த அடிக்கு இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. அப்படிப்பட்டவள் எனக்கு அக்காவாக இருக்கட்டும். சக்களத்தியாக வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்டது.

குளிர் விடும் நேரத்தில் ஹம்தா காய்ச்சலில் விழுந்தாள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. நான்தான் கூடவே இருந்தேன். நெற்றியில் ஈரத்துணி போடுவதற்காக முகத்திரையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினேன். நடுவில் தொங்கும் பெரிய காசு ஒன்று நூல் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல், தைத்துவைப்போம் என்று ஊசியை எடுத்தேன். என் பையில் இருந்தது சிவப்பு நூல்தான். என் பட்டைக்கு வாங்கி மிச்சமானது.

காசைத் தைத்து முடித்தேன். ஊசியில் நூல் மிச்சம் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை நஸ்ஸார் கிணற்றுக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். தெற்கே ஒரு நாள் தூரத்தில் இருக்கும் குலத்தைச் சேர்ந்தவன். நாற்பது வயது, மனைவி இறந்து ஆறு மாதம், ஒட்டகங்கள் உண்டு, நல்ல மனுஷன் என்று பெயர். போன தடவை வந்தபோது ஹம்தாவின் தோல்வாளியை அவன் பார்த்த பார்வையை நான் கவனித்திருந்தேன். வாளியை யாராவது அப்படிப் பார்ப்பார்களா?

வெளியாள் ஒருவன் வந்து கேட்டுவிட்டால் என் புருஷன் வாயைத் திறக்க வேலையே இல்லை. இதை நினைத்துக்கொண்டே பட்டையில் நீலத்துக்கு நடுவே நான்கு சின்ன முக்கோணம் தைத்தேன். பளிச்சென்ற சிவப்பு. ஹம்தா பக்கத்தில் முனகிக்கொண்டிருந்தாள். நடுவே ஒரு தடவை எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து தைத்தேன்.

வியாழனன்று ஹம்தா எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்து நடக்கிற மாதிரி கம்பத்தைப் பிடித்து நடந்தாள். விடிகாலை, கூடாரத்துக்குள் வெளிச்சம் பாதிதான். "நீ சிரமப்படாதக்கா, நான் கட்டி விடறேன்" என்று முகத்திரையை நானே அவள் முகத்தில் வைத்து முடிச்சுப் போட்டேன். தன் நெற்றியைத் தானே பார்க்க யாரால் முடியும்?

கிணற்றடியில் அன்று நல்ல கூட்டம். நாங்கள் போய்ச் சேர்ந்ததுமே பெண்கள் பேச்சு ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது. துர்ஃபா என்று ஒருத்தி இருந்தாள். எங்கள் கிணற்றுக்கே வாயாடி. நேராகச் சொல்லக் கூடாது என்பதால் அவளுக்கு நாக்கு அரித்தது.

"ஹம்தா, சிலபேருக்குக் காய்ச்சல் வந்தா உடம்பு போயிடும். உனக்கு முகமே தெளிஞ்சிருக்கே!"

"என் முகம் உனக்கு எங்கடி தெரியுது? கண்ணு ரெண்டுதானே தெரியுது."

"தெரியறது போதும் எங்களுக்கு. இல்லையாடி?" என்று துர்ஃபா மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் தலைத்துணியை வாயில் அடக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னடி ஆச்சு இதுங்களுக்கு?" என்று ஹம்தா என்னிடம் கேட்டாள்.

"குளிர் போச்சுல்ல, கொழுப்பு ஏறியிருக்கு" என்றேன்.

நஸ்ஸாரின் ஒட்டகங்கள் தொட்டியைச் சுற்றி நின்றன. அவன் ஹம்தாவைப் பார்த்தான். உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டான். பிறகு தன் ஆட்களிடம், "ஒட்டகத்தப் பின்னால ஓட்டுங்க. அந்தப் பொண்ணோட ஆடுங்க முதல்ல குடிக்கட்டும்" என்றான். தாகத்தில் இருக்கும் ஒட்டகத்தைப் பின்னால் தள்ளி வேறொருத்தி ஆட்டுக்குத் தண்ணீர் விடுகிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஹம்தா வாளியை இழுத்தபடியே நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவள் விரல்கள் பட்டையில் ஒரு கணம் நின்றன. காசு இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாளியை மறுபடி இறக்கினாள்.

என் சந்தோஷம் அரை நாள் நின்றது.

நாங்கள் திரும்பியபோது சுவேலிம் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஹம்தா கடந்து போனாள். அவன் கோடரியை ஓங்கியபடியே நின்றுவிட்டான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்து தலைகழுவத் தண்ணீர் கேட்டான். வெள்ளிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்காமல்! கழுவினான், தாடியை வாரினான், கண்ணுக்கு மை இட்டுக்கொண்டான். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"யாருக்குக் கல்யாணம்?" என்றேன்.

"நீ அவ நெத்தியப் பார்த்தியா?"

"எவ நெத்திய?"

"நடிக்காத மர்ஸூகா. ஹம்தா நெத்திய."

"பார்த்தேன். நஸ்ஸாரும் பார்த்தான். கிணத்துல இருந்த மொத்தப் பேரும் பார்த்தாங்க."

"அவனுங்க பார்த்தா என்ன? அந்தச் சிவப்பு எனக்குப் போட்டது."

"உன் பேரு தைச்சிருக்கா அதுல?"

அவன் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான். "உன்கிட்ட மறைக்க வேண்டாம்னு பார்க்கறேன். ரெண்டு தடவ அவகிட்ட கேட்டேன். மழை தொடங்கறப்ப ஒரு தடவ, பார்லி விதைச்சு முடிச்சதும் ஒரு தடவ. ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டா. மர்ஸூகா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்னு கேட்டா. இப்ப அவளே மனசு மாறி பதில் சொல்லிட்டா, பார்த்தியா? உனக்கு ஒரு குறையும் வெக்க மாட்டேன்."

நான் எழுந்து வெளியே போனேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் ஆட்டுப்பட்டியை மூன்று சுற்றுச் சுற்றினேன். இரண்டு தடவை! எனக்காக இரண்டு தடவை முடியாது என்றிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானோ அவள் காய்ச்சலில் கிடக்கும்போது, என் புருஷனுக்கு அவள் சார்பில் சம்மதம் தைத்து அனுப்பியிருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அடித்துக்கொண்டேன். ஆடுகள் பார்த்தன.

மறுநாள் காலை ஹம்தா கூடாரத்துக்குப் போனேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நூஃபா அவள் முதுகில் சாய்ந்து நின்று தாயின் பின்னலைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த முகத்திரையக் கொஞ்சம் குடு. நடுக்காசு இன்னும் ஆடற மாதிரி இருக்கு. தைச்சுத் தரேன்."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு தடவ தைச்சது போதாதாடி?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"கிணத்துலயே விரல்ல தட்டுப்பட்டுச்சு. வந்து கழட்டிப் பார்த்தேன். உன் தையல் கண்ணில்லாதவளுக்குக்கூடத் தெரியும். நூலை அந்த இழுப்பு இழுப்ப. துணியே சுருங்கிப் போயிருக்கு."

"அப்ப ஏன் உடனே பிரிச்சுப் போடல?"

"ஊரே பார்த்தாச்சு. இன்னிக்குப் பிரிச்சா என்ன பேசுவாங்க? ரெண்டு ஆம்பளையக் கூப்பிட்டுட்டு வேடிக்கை காட்டினாள்னு பேசுவாங்க. அந்தப் பேச்சை அடைக்க மாமா என்னை எவனுக்காவது அடுத்த வாரமே கட்டி வெப்பாரு." சலித்த மாவைத் தட்டி ஒதுக்கினாள். "நஸ்ஸாருக்குப் போனா நூஃபாவ இங்க விட்டுட்டுப் போகணும். அப்பன் வீட்டுப் பிள்ளை அப்பன் வீட்ல. அது உனக்குத் தெரியாதா?"

"நான் அதை யோசிக்கலக்கா."

பொய். எனக்குத் தெரியும். விதவை வேறு குலத்துக்குப் போனால் பிள்ளை தகப்பன் ஆட்களோடுதான் இருக்கும், இதைத் தெரியாத பெண் எங்களில் யார்? முக்கோணம் தைக்கும்போதே எனக்குத் தெரியும். நூஃபாவை நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று மனசுக்குள் ஏற்பாடுகூடச் செய்துவைத்திருந்தேன்.

ஹம்தா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "நேத்து முழுக்கக் காத்திருந்தேன், நீயா வந்து சொல்லுவேன்னு. இப்பவும் ஒரே வழிதான். தைச்சவ போய் மாமாகிட்ட சொல்லணும். சொல்றியா?"

"சொல்றேன்" என்றேன். "இப்பவே போறேன்."

போனேன். மாமனார் ரிஷேத் நிழலில் உட்கார்ந்து ஒட்டகச் சேணத்துக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தார். டீ கொண்டுபோய் வைத்தேன். வாய் வரவில்லை. திரும்பி வந்தேன். இரண்டாவது டீ. மூன்றாவது டீக்கு அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு இருக்கிறது வயிறா, தோல்பையா? எதுக்கும்மா இப்படி ஊத்தற?" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று கம்பளியை அடித்தேன், அவிழ்க்க வேண்டாத கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன், பக்கத்துப் பள்ளத்துக்குப் போய்த் தேவைக்கு மேல் சுள்ளி பொறுக்கினேன். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. சுவேலிம் தினமும் தலையை வாரிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மதியத்துக்குப் பிறகு நஸ்ஸாரின் சித்தப்பா வந்தார். பெண்ணைப் பார்க்க நஸ்ஸாரின் அத்தையையும் கூட்டி வந்திருந்தார். கலஃபின் தாய் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெரியவள் அவள். கூடாரத்தை இரண்டாகப் பிரிக்கும் திரைக்கு ஆண்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கலஃபின் தாய் ஹம்தாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். எனக்கு முட்டி ஆடிக்கொண்டே இருந்தது, கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே காப்பி இடிக்கும் சத்தம் நின்றது. நஸ்ஸாரின் சித்தப்பா தொண்டையைச் செருமினார். "உங்க வீட்டு நீலத்துல சிவப்பு பார்த்தோம். அதான் வந்தோம்."

"அந்தச் சிவப்பு இந்த வீட்டுக்குள்ளயே முடிஞ்ச விஷயம்" என்றான் என் புருஷன்.

"கிணத்துல காட்டினது எப்படித் தம்பி வீட்டுக்குள்ள முடியும்?"

"காட்டினவ எங்க வீட்டுப் பொண்ணு. எனக்குத் தெரியாதா யாருக்குக் காட்டினாள்னு?"

"உனக்குத்தான்னு அவ வந்து சொன்னாளா?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் மாமனார். "தைச்சவ உள்ளதான் இருக்கா, அவளே சொல்லட்டும். ஹம்தா! அந்தச் சிவப்பு யாருக்கும்மா?"

ஹம்தா என்னைப் பார்த்தாள். நான் திரையின் நெசவைப் பார்த்தேன். கறுப்பு வரி, வெள்ளை வரி, கறுப்பு வரி. அவள் வெகுநேரம் காத்திருந்தாள். வெளியே யாரோ காப்பியை உறிஞ்சினார்கள். "ஹம்தா?" என்றார் மாமனார் மறுபடி.

அவள் நூஃபாவை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "மாமா, நூஃபா எங்க இருக்காளோ அங்கதான் நானும் இருப்பேன்."

அதற்கு ஒரே அர்த்தம்தான், இந்த வீட்டிலேயே சுவேலிமுக்கு வாழ்க்கைப்படுகிறாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான் சுவேலிம் திரைக்கு அந்தப் பக்கம்.

"அது அவ தைச்சதில்ல!"

என் குரல்தான். நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "நான் தைச்சது. அவ காய்ச்சல்ல கிடந்தா. அவளுக்குத் தெரியாது. கேக்காம தைச்சேன்."

அவளுக்காகப் பேசினேனா, சக்களத்தி வருகிறாளே என்ற பயத்தில் பேசினேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னால் அது இன்னொரு பொய்.

அந்தப் பக்கம் மாமனார் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். "சக்களத்தி வரப்போறான்னா எவளும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவா. என் பொண்டாட்டி பேய் பிடிச்ச மாதிரி ஆடினா!" என்றார் மாமனார்.

"வாய மூடுடி" என்றான் சுவேலிம். "விருந்தாளிங்க முன்னால என்ன இது?"

உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கலஃபின் தாய்தான் கையை உயர்த்தினாள். திரையைப் பார்த்து, "சிரிச்சது போதும். கொஞ்சம் பொறுங்க" என்றாள். எங்கள் இருவரிடமும் கை நீட்டினாள். "ரெண்டு பேரும் கழட்டிக் குடுங்க."

என் முகத்திரையை ஒரு முட்டியிலும் ஹம்தாவுடையதை மற்றதிலும் போட்டாள். புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தாள். நகத்தால் தடவினாள். என் சிவப்பு, ஹம்தாவின் நீலம், ஹம்தாவின் நெற்றியில் இருந்த சிவப்பு. திரும்ப என் சிவப்பு. ஹம்தாவும் நானும் வெறும் முகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். காய்ச்சலில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீலம் தைச்ச கை நிதானமான கை" என்றாள் கலஃபின் தாய் திரைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. "சிவப்பு தைச்ச கை வேற. நூலை இழுத்து இழுத்துத் துணியக் கொன்னு வெச்சிருக்கு. இந்தப் பொண்ணோட முகத்திரையிலயும் அதே கைதான். உண்மையத்தான் சொல்றா." பிறகு தாழ்ந்த குரலில், "உன் சம்மதம் கேட்டாளா மகளே?" என்றாள்.

"இல்ல" என்றாள் ஹம்தா.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண்ணின் முகத்திரையை அவளைக் கேட்காமல் தொட்டால் அவள் முகத்தையே தொட்ட மாதிரி. ஓர் ஆண் செய்திருந்தால் ஈடாக அவன் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நஸ்ஸாரின் சித்தப்பா மரியாதையாக, "எங்க பேச்சை நாங்க எடுத்துக்கிட்டோம்" என்றார். அவர்கள் கேட்டது கேட்காததாகிவிட்டது. அந்தச் சிவப்பை வைத்துச் சுவேலிம் வாங்கிக்கொண்ட சம்மதமும் அதோடு போயிற்று.

அவன் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. "மர்ஸூகா அவ அப்பன் வீட்டுக்குப் போகட்டும்! இன்னிக்கே! பிள்ளைங்க இங்க இருக்கட்டும். டேய், யாரங்க, ஒட்டகத்துக்குச் சேணம் போடுங்க!"

என் மகளும் மகனும் வெளியே கல் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. அப்பன் வீட்டுப் பிள்ளை அப்பன் வீட்டில். அந்த வார்த்தை எவ்வளவு கனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாமனார் மெதுவாகப் பேசினார். "போறதுக்கு முன்னால ஹம்தாவுக்கு ஈடு குடுத்துட்டுத்தான் போகணும். ஹம்தா, என்ன வேணும்னு கேளும்மா. அவ முகத்திரைக் காசு மொத்தத்தையும் கேட்டாலும் அறுத்துக் குடுக்கச் சொல்றேன்."

நான் கலஃபின் தாயின் முட்டியிலிருந்து என் முகத்திரையை எடுத்து அப்படியே ஹம்தாவின் முன்னால் வைத்தேன். என் தாய் வீட்டுக் காசுகள், கல்யாணக் காசுகள், எல்லாம். அவள் தொடவில்லை.

"எனக்குக் காசு வேண்டாம் மாமா. தைச்சவளே பிரிக்கட்டும். நான் கட்டிக்கிட்டிருக்கும்போது, என் நெத்தியிலயே, இங்கயே. பிரிச்சு முடியறவரைக்கும் அவ எங்கயும் போகக் கூடாது. அதுதான் என் ஈடு."

"அவ்வளவுதானா?" என்றார் மாமனார்.

"அவ்வளவுதான்."

"சரி. அவ கேட்டது அவ உரிமை" என்றார். சுவேலிம் ஏதோ முணுமுணுத்தான், மறுத்துப் பேச முடியாது.

அவள் முகத்திரையைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே நெருங்கி உட்கார்ந்தாள். முட்டியோடு முட்டி இடித்தது. நான் ஊசியை எடுத்தேன். முதல் முக்கோணத்தை வழக்கம்போல அவசரமாகப் பிரித்தேன். நான் இழுத்த இழுப்பு அப்படி, ஒவ்வொரு இழையையும் தூக்கி எடுக்க நெம்ப வேண்டியிருந்தது. ஊசி முனை அவள் கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. அவள் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது.

வெளியே சேணத்தை இறுக்கும் சத்தம் கேட்டது. ஒட்டகம் உறுமியது. இரண்டாவது முக்கோணம் பாதியில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, பிரிக்க இன்னும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் எனக்கு இந்த வீட்டில் நேரம். என் கை தானாக மெதுவாகியது. ஒரு இழை எடுத்தேன், முட்டியில் துடைத்துவைத்தேன். இன்னொரு இழை.

"இன்னும் முடியலையா?" என்று சுவேலிம் கத்தினான்.

"நூல் இறுக்கமா இருக்கு" என்றாள் ஹம்தா.

விருந்தாளிகள் கிளம்பினார்கள். கலஃபின் தாய் போகும்போது என் தலையைத் தொடவில்லை, ஹம்தாவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். என் பையன் திரைக்குக் கீழே தலையை விட்டு, "அம்மா, ஒட்டகத்துல எங்க போறோம்?" என்று கேட்டான். ஹம்தாதான், "வெளிய போய் விளையாடு" என்றாள். மூன்றாவது முக்கோணம் முடிந்தபோது வெயில் கூடார வாசலைத் தாண்டிவிட்டது. முகத்திரையில் நீலத்துக்கு நடுவே மூன்று இடத்தில் வெறும் ஓட்டைகள், ஒரே ஒரு சிவப்பு.

"முடிஞ்சுதா?" இந்தத் தடவை சுவேலிமின் குரல் தாழ்ந்திருந்தது.

நான் கடைசி முக்கோணத்தில் ஊசியை வைத்தேன். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஹம்தா என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"வெளிச்சம் பத்தல" என்றாள், வெளியே எல்லோருக்கும் கேட்கும்படி. "இது நாளைக்கு. சேணத்த அவுத்துருங்க."

வாசலில் இன்னும் நல்ல வெயில் இருந்தது. வெளியே மாமனார் யாரிடமோ மெல்ல, "அவுத்துவிடு" என்றார்.

நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதேன். அவள் என் தலையை விலக்கி நிமிர்த்தினாள்.

"எதுக்கு அழற? உன்ன மன்னிச்சேன்னு யாரு சொன்னா?" என்றாள் ஹம்தா. "நாளைக்கு வா. ஊசியோட வா."